கூத்தும் தெய்வ நிந்தையும்



தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக ஏறிச் செல்லும் பாதை அக்கரப்பத்தனையை அடைகின்றது. இருமருங்கும் தேயிலை, அதற்கு அப்பால் தியகமைப் பக்கத்து மலைகள். மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்ட நாள் முதலாக, கூத்து மரபு அழியாது நிலைத்திருக்கும் தோட்டங்களில் இரவிலே தப்பொலி எழும். காமன் பொட்டல் எனப்படும் வெளியிலே கம்பம் ஊன்றப்படும். பகலெல்லாம் கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் களைத்த மக்கள், கம்பளியைப் போர்த்துக்கொண்டு அந்த வெளியைச் சூழ்ந்து அமர்வார்கள். பௌர்ணமியளவில் கூத்து அதன் உச்சத்தை எய்தும். சிவபெருமான் நெற்றிக்கண்ணைத் திறப்பார். மன்மதன் எரிந்து சாம்பலாவான். இரதி தலைவிரி கோலமாக மண்ணிலே விழுந்து ஒப்பாரி வைப்பாள்.

அந்த ஒப்பாரியைக் கூர்ந்து கேட்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். இரதி அழுவதோடு நின்றுவிடுவதில்லை. தன் கணவனை எரித்தவர்மீது அவள் குற்றஞ் சாட்டுகின்றாள். தேவர்களுடைய காரியத்துக்காக, அவர்களே வருந்தி அழைத்ததனாலே சென்றவனை எரிப்பது எந்த நீதி என்று கேட்கின்றாள். கேட்பது யாரை? பரம்பொருளையே கேட்கின்றாள். சூழ்ந்திருப்பவர்களோ திருநீறு பூசிய சிவபக்தர்கள். எனினும் அவர்களுள் ஒருவரேனும் எழுந்து, "எங்கள் கடவுளைப் பழிக்காதே" என்று தடுப்பதில்லை. பெண்கள் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொள்கின்றார்கள். இரதியாக வேடமிட்டிருப்பவன் ஓர் ஆண்மகன், தம்மோடு கொழுந்து மடுவத்திலே நிற்பவன் என்பதும் அந்நேரத்தில் அவர்கள் நினைவில் இருப்பதில்லை.

நாடக மேடையிலே தெய்வத்தை நிந்திப்பது தகுமா, தகாதா என்ற கேள்வி நம் காலத்தில் அடிக்கடி எழுகின்றது. அக்கேள்விக்கு விடை தேடும் ஒருவர், நீதிமன்றத்துக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் போகுமுன்னர், இந்தக் காமன் பொட்டலுக்கு ஒருமுறை வந்துபோதல் நன்று என்பது என் எண்ணம்.

காமன் கூத்து வெறும் பொழுதுபோக்கன்று. மன்மதனாகவும் இரதியாகவும் ஆடுவோர் விரதம் காக்கின்றனர். கம்பத்துக்குப் பூசை உண்டு. லயங்கள்தோறும் சென்று ஆடுதலும் உண்டு. தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்து குடியேறிய மக்கள், பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகளோடு இதனையும் கொண்டுவந்து இங்கே நிலைநிறுத்தினர். அவர்கள் விட்டுவந்த நாட்டிலே, தஞ்சைப் பக்கத்தில், லாவணி என்றொரு பாட்டு மரபு உண்டு. மராட்டியர் ஆட்சிக் காலத்தில் வேரூன்றிய அந்த மரபில், காமன் எரிந்தான் என்று வாதிக்கும் எரிந்த கட்சியும், எரியவில்லை என்று மறுக்கும் எரியாத கட்சியும் எதிரெதிரே அமர்ந்து விடிய விடியப் பாடும். சிவன் செய்த செயலையே வழக்காக்கி இருதரப்பாகப் பிரிந்து வாதாடுகின்றார்கள். வாதாட்டமே விழாவின் ஓர் அங்கமாகிவிடுகின்றது.

இது பாமர மக்களின் அறியாமையால் நேர்ந்த பிழை என்று யாரேனும் கருதுவாராயின், அவர் நம் சமய வரலாற்றை மறந்தவராவார். திருமணப் பந்தலிலே ஓலையோடு வந்து வழக்குரைத்த கிழவேதியரைப் பித்தன் என்று வைதவர் சுந்தரர். பின்னர், வைத அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடும்படி இறைவன் பணித்தார் என்றும், வன்றொண்டர் என்ற பெயரை அவருக்கு அளித்தார் என்றும் பெரியபுராணம் கூறுகின்றது. இகழ்வதுபோலப் புகழும் பாட்டுக்கு நிந்தாஸ்துதி என்று பெயரிட்டு, அதனை ஒரு வகையாகவே நம் முன்னோர் போற்றினர். காளமேகப் புலவர் அவ்வகையில் பேர்பெற்றவர். நம் நாட்டுக் கோயில்களில் புராணபடனமாக ஓதப்படும் கந்தபுராணத்திலே காமதகனப் படலம் இருக்கின்றது. இரதியின் புலம்பலும் இருக்கின்றது. கச்சியப்பர் அதை மறைக்கவில்லை.

ஆகவே, தெய்வத்தோடு வழக்காடும் உரிமை பக்தனுக்கு உண்டு என்பது தெளிவு. உறவுள்ள இடத்திலேதான் ஊடலும் வசையும் உண்டு. தாயைக் கோபித்துக்கொள்ளும் பிள்ளையை ஊரார் தண்டிப்பதில்லை.

ஆயின், நேயர்களே, சிக்கல் இங்கேதான் தொடங்குகின்றது. பிள்ளை கோபிக்கலாம், அயலவன் வந்து அதே சொல்லைச் சொன்னால்? பக்தன் வழக்காடலாம், பக்தியே இல்லாதவன் வழக்காடினால்?

தமிழ் மேடையில் இக்கேள்வி மிகக் கடுமையாக எழுந்தது 1954 ஆம் ஆண்டில். நடிகர் எம். ஆர். ராதா பகுத்தறிவு இயக்கத்தைச் சார்ந்தவர். இராமாயணத்தை எள்ளி நகையாடும் நாடகம் ஒன்றை அவர் சென்னை மாகாணத்திலே நடத்தினார். மனம் புண்படுவோர் வரவேண்டாம் என்று அவர் முன்கூட்டியே விளம்பரம் செய்தார் என்பர். ஆயினும் எதிர்ப்பு மூண்டது. இராமனை வழிபடுவோர் அடைந்த மனவேதனை பாசாங்கு என்று நான் கூறமாட்டேன். நாள்தோறும் விளக்கேற்றித் தொழும் ஒருவர், தாம் தொழும் வடிவம் மேடையிலே பரிகசிக்கப்படுகின்றது என்று கேள்வியுற்றால் உள்ளம் நோவது இயல்பே. ராதாவின் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது. அந்தக் காவியத்தின் பேரால் சமூகத்தில் சிலர் உயர்ந்தோராகவும் பலர் தாழ்ந்தோராகவும் நிறுத்தப்பட்டனர் என்பதும், அதனைக் கேட்க மேடையை விட்டால் வேறிடம் இல்லை என்பதும் அவர் தரப்பின் வாதம்.

இவ்விரு தரப்பையும் எதிரெதிரே அமர்த்தி ஒரு லாவணி நடந்திருக்குமாயின் எத்துணை நன்றாயிருந்திருக்கும்! நடந்ததோ வேறு. அவ்வாண்டிலேயே சென்னை அரசாங்கம் நாடக நிகழ்ச்சிகள் பற்றிய சட்டம் ஒன்றை இயற்றியது. ஆட்சேபத்துக்குரியதெனக் கருதும் நாடகத்தைத் தடைசெய்யவும், நாடகப் பிரதியைக் கேட்டுப் பெறவும் அச்சட்டம் அதிகாரிகளுக்கு இடமளித்தது. ராதாவின் ஒரு நாடகத்தை நோக்கி எழுந்த சட்டம், அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக, இராமாயணத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத சிறிய நாடகக் குழுக்களின் கழுத்திலும் தொங்கியது. பரீக்ஷா என்னும் குழுவை நடத்திய ஞாநி வழக்குத் தொடுத்து, 2013 ஆம் ஆண்டு ஜனவரியிலே சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தின் பிரதான பிரிவுகளைச் செல்லாதவையாக்கும் வரையில் இந்நிலை நீடித்தது. ராதா 1979 இலேயே காலமாகிவிட்டார்.

இத்தகைய சட்டங்களின் பிறப்பையும் சற்றே நோக்குதல் வேண்டும். இந்தியாவில் நாடகங்களை அடக்குவதற்கு முதன்முதல் எழுந்த பெருஞ்சட்டம் 1876 ஆம் ஆண்டுச் சட்டம். அது தெய்வத்தின் மானத்தைக் காக்கப் பிறந்ததன்று. வேல்ஸ் இளவரசர் கல்கத்தாவுக்கு வந்ததையொட்டி வங்க மேடையில் எழுந்த ஒரு கேலி நாடகம் ஆட்சியாளருக்குக் கசந்தது. அதனால் பிறந்தது அச்சட்டம். பிரான்சு நாட்டிலும் இத்தகைய கதையொன்று உண்டு. மோலியேர் என்ற நாடகாசிரியர் 1664 ஆம் ஆண்டிலே 'தார்த்தூஃப்' என்னும் நாடகத்தைப் பதினான்காம் லூயி மன்னனின் முன்னிலையில் அரங்கேற்றினார். பக்திமான் போல வேடமிட்டு ஒரு குடும்பத்தையே ஏமாற்றும் வஞ்சகனின் கதை அது. மதத்தை இழிவுபடுத்தியது என்று திருச்சபையினர் சிலர் குரலெழுப்ப, நாடகம் தடைசெய்யப்பட்டது. தடை நீங்க 1669 ஆம் ஆண்டாயிற்று. அந்நாடகத்திலே கடவுளைப் பற்றி ஓர் இழிசொல்லும் இல்லை. கடவுளின் பெயரால் பிழைப்பு நடத்துவோரைப் பற்றியே நாடகம் பேசியது. யாருடைய மனம் புண்பட்டது என்று நாம் கேட்டுப் பார்க்க வேண்டியதன் அவசியம் இதனால் விளங்கும்.

நம் நாட்டுக்கு வருவோம். பகிரங்கக் காட்சிகள் பற்றிய கட்டளைச் சட்டம் 1912 ஆம் ஆண்டு முதல் இங்கே இருந்துவருகின்றது. மத உணர்வுகளை வேண்டுமென்றே புண்படுத்துவதற்குத் தண்டனைச் சட்டக்கோவையிலும் விதிகள் உள்ளன. அண்மையிலே, 2023 ஆம் ஆண்டு மே மாதத்தில், நதாஷா எதிரிசூரிய என்ற நகைச்சுவை மேடைக் கலைஞர், புத்தசமயத்தைப் பற்றி மேடையிலே கூறிய சில வார்த்தைகளுக்காகக் கட்டுநாயக்க விமான நிலையத்திலே கைதுசெய்யப்பட்டார். ஒரு மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்து, ஜூலை மாதத்திலே பிணையில் வெளிவந்தார். அவர்மீது பிரயோகிக்கப்பட்டது 2007 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட, குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை ஒட்டிய சட்டமாகும். குடிகளின் உரிமையைக் காக்கவென்று வந்த சட்டம், ஒரு பெண்ணின் விகடப் பேச்சுக்காக அவரை மறியலில் வைக்கப் பயன்பட்டது. அப்பேச்சு நற்பேச்சா என்பது வேறு கேள்வி. அதனைக் கேட்டு வருந்திய பௌத்தர்களின் வருத்தத்தையும் நான் மறுக்கவில்லை. ஒரு நகைச்சுவை சுவையற்றிருப்பின் சபை சிரிக்காமல் இருக்கலாம், எழுந்து போகலாம், மறுத்துப் பேசலாம். சிறைக்கதவு அதற்குரிய மறுமொழியாகுமா என்பதே என் கேள்வி.

நேயர்களே, இப்பொழுது மீண்டும் காமன் பொட்டலுக்குச் செல்வோம். அங்கே தெய்வத்தைக் குற்றஞ் சாட்டும் சொல் யாரையும் புண்படுத்தவில்லை என்று கூறினேன். அவ்வாறாயின் கூத்துக்களத்திலே புண்படுவோர் எவருமே இல்லையா? இருக்கின்றனர். அவர்களைப் பற்றித்தான் நாம் பேசுவதில்லை.

கூத்து என்றால் கோமாளி உண்டு. பபூன் என்றும் சொல்வார்கள். நடுநிசியிலே உறக்கத்தை விரட்டுவது அவன் பொறுப்பு. ஒரு தோட்டத்திலே கோமாளி மேடையேறுகின்றான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் சிவபெருமானைக் கேலி செய்கின்றான், சபை சிரிக்கின்றது. எமதர்மனைக் கேலி செய்கின்றான், மேலும் சிரிக்கின்றது. பின்னர் துணி வெளுப்பவரின் சாதியைச் சொல்லி ஒரு விகடம். முடி திருத்துபவரின் மனைவியைப் பற்றி ஒரு விகடம். கணவனை இழந்த பெண்ணைப் பற்றி ஒரு விகடம். இறுதியாக, ஓரத்திலே நெருப்பில் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருப்பவரை நோக்கி ஒரு விகடம். சபை அப்போதும் சிரிக்கின்றது. தப்படிப்பவரும் சிரித்துவைக்கின்றார். அவர் இல்லாவிடில் கம்பம் ஊன்ற இயலாது, சுவாமி இறங்காது, கூத்தே இல்லை. விழா முடியும்வரை பொட்டலைவிட்டு அகலாதவர் அவர். அடுத்த வரிசையில் அமர்ந்திருக்கும் அவருடைய மகன், பள்ளிக்கூடத்திலே தமிழும் கணிதமும் படிப்பவன், சிரிக்கவில்லை. போர்வைக்குள்ளே தலையைக் குனிந்துகொள்கின்றான்.

புண்பட்டது யார்? சிவபெருமான் நஞ்சையே உண்டு கண்டத்தில் நிறுத்தியவர். ஒரு கோமாளியின் சொல் அவரை என் செய்யும்? குனிந்த அந்தச் சிறுவனுக்கு அவ்வலிமை இல்லை. அவனால் மேடையேறி மறுமொழி கூறவும் இயலாது. தெய்வ நிந்தை என்று முறையிடச் சபைகளும் சங்கங்களும் உள்ளன. அந்தச் சிறுவனுக்காக எந்தச் சபை எழுந்தது? எந்த அதிகாரி நாடகப் பிரதியைக் கேட்டுப் பெற்றார்?

நான் சொல்லவந்தது இதுவே. நாடகத்திலே இழிசொல் எது என்பதை, அது யாரைப் பற்றியது என்பதைக்கொண்டு மாத்திரம் தீர்மானித்தல் ஆகாது. யார் மீது விழுகின்றது, விழுந்தவருக்கு எதிர்த்துப் பேச வாயுண்டா என்பதைக்கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். "மத நம்பிக்கையும் மனிதருடையதுதானே? தெய்வத்தை இகழ்ந்தால் அதை நம்பும் மனிதர் நோகமாட்டாரா?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. தெய்வத்தின் பேரைச் சொல்லி எளிய மக்களை இகழ்வதும் உண்டு. நம் தோட்டங்களிலே கவ்வாத்துச்சாமி இருக்கின்றார். தேயிலைத் தொழிற்சாலையின் யந்திரங்களுக்குக் காவலாக ரோதமுனி இருக்கின்றார். கத்தியும் யந்திரமும் உடம்பைச் சிதைத்துவிடக்கூடிய தொழிலிலே, உயிருக்கு அஞ்சிய மக்கள் உண்டாக்கிக்கொண்ட தெய்வங்கள் இவை. நகரத்து மேடையொன்றில் ஒருவர் ரோதமுனியைக் கேலிப்பொருளாக்கித் தோட்டத்து மக்களின் பேதைமையைக் காட்டிச் சிரிக்கவைப்பாராயின், அங்கே இகழப்படுவது தெய்வமன்று, தொழிலாளியே. அதனை நான் இழிசொல் என்றே கூறுவேன். அதே ரோதமுனியைத் தோட்டத்துத் தொழிலாளி ஒருவனே மேடையில் நிறுத்தி, "இத்தனை படையல் வாங்கியும் என் தம்பியின் கை யந்திரத்தில் போகவிட்டாயே" என்று வைவானாயின், அது இரதியின் ஒப்பாரியைப் போன்றது. இரண்டிலும் வார்த்தை ஒன்றாகவே இருக்கலாம், பொருள் வேறு.

இதிலிருந்து மற்றொரு கடமையும் நமக்குப் புலப்படும். மலையகத்தில் பல சமயத்தார் அயலயலே வாழ்கின்றோம். நம் தெய்வத்தோடு வழக்காடும் உரிமை நமக்குண்டு. அயலவரின் தெய்வத்தோடு அதே உரிமையை எடுத்துக்கொள்ளுமுன் அவர் மனத்தைச் சற்று எண்ணிப்பார்த்தல் நாகரிகம். நாகரிகத்தைச் சட்டத்தால் ஊட்ட இயலாது. பழக்கத்தாலும் அன்பினாலும் வரவேண்டியது அது.

தெய்வத்தை மேடையேற்றுவதே நிந்தை என்று நினைப்போருக்கு ஈழத்து மேடையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 1968 ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலிலே தாழ்த்தப்பட்டோர் ஆலயப் பிரவேசம் வேண்டிப் போராடினர். அக்காலச் சூழலையொட்டி எழுத்தாளர் என். கே. ரகுநாதன் 'கந்தன் கருணை' என்ற நாடகத்தை எழுதினார். ஆலயப் பிரவேசத்தைப் பற்றிய நாடகத்தில் முருகக் கடவுளே பாத்திரமாக வருகின்றார். இது நிந்தையா, பக்தியா? வாசலிலே தடுத்து நிறுத்தப்பட்ட மனிதனின் பக்கம் கடவுளை நிறுத்திக் காட்டுவது நிந்தையாயின், பக்தி என்பதற்கு வேறு என்ன பொருள் கூறுவது என்று நான் அறியேன்.

அவ்வாறாயின் கூத்தைத் திருத்துவது யார்? பொலிஸார் அல்லர். கூத்தைத் திருத்தவேண்டியது கூத்துக்காரரும் சபையோருமே. ஒத்திகை நடக்கும் இரவுகளிலே வாத்தியாரும் பெரியவர்களும் கோமாளியின் வாயிலிருந்து வரும் விகடங்களைச் செவிமடுக்கட்டும். "இந்த விகடத்தைத் தப்படிப்பவரின் மகனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல முடியுமா?" என்று கேட்கட்டும். முடியாதெனின் அது வேண்டாம். ஆனால் அவ்வொத்திகையிலே பெரியவர்கள் மாத்திரம் அமர்ந்தால் போதாது. பெண்களும், படித்த இளைஞரும், தப்படிப்பவரும் அமர வேண்டும். அன்றேல், தெய்வத்தின் மானத்தைக் காக்கிறோம் என்று கூறித் தம் மானத்தைக் காத்துக்கொள்ளும் பெரிய மனிதர்கள், இரதியின் வாயையும் அடைத்துவிடுவார்கள். கோமாளிக்கும் ஒன்று சொல்லவேண்டும். கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை, சங்கத் தலைவர், கோயில் தருமகர்த்தா என்று கேலிக்குரியோர் எத்தனையோ பேர் இருக்கின்றனர். அவர்களைப் பாடி விகடம் செய்யத் துணிவு வேண்டும். அத்துணிவுள்ளவனே நல்ல கோமாளி.

நேயர்களே, காமன் கூத்து தகனத்தோடு முடிவதில்லை. மூன்றாம் நாள் மன்மதன் உயிர்த்தெழுகின்றான். இரதியின் கண்களுக்கு மட்டும் தெரியுமாறு இறைவன் அவனை எழுப்பித் தந்தார் என்பது கதை. எரித்தவரே எழுப்பினார். கணவனை இழந்த ஒரு பெண் எதிரே நின்று நியாயம் கேட்டாள். அவள் பேச்சை நிந்தையென்று தள்ளாமல் செவிசாய்த்தார் கடவுள்.

தம்மீது சுமத்தப்பட்ட குற்றத்தைப் பொறுத்துக் கேட்டு, கேட்டபின் மனமிரங்கிய தெய்வத்தை வழிபடும் நாம், ஒரு நாடகத்தைக் கேட்டு முடிப்பதற்குள் சினந்தெழுவது பொருந்துமா? அடுத்த மாசியிலே அக்கரப்பத்தனை மலைச்சரிவில் தப்பொலி கேட்கும்போது, இரதி தாராளமாகச் சிவனைக் கேட்கட்டும். தப்படிப்பவரின் மகனும் தலை நிமிர்ந்து அமர்ந்து அதனைக் கேட்கட்டும்.